ஆயாவின் சுத்தியல்

இன்று காலை கிருஷ்ணகிரி பழைய பேட்டைப் பக்கம் ஒரு திண்ணையில் நாலு பெண்கள் புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். அதே டக், டக் சத்தம்.

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன்.

மாசி, பங்குனி வந்தால் எங்கள் ஆயாவும் இப்படித்தான். ஓட்டை உடைத்து, நாரை உருவி, கொட்டையைத் தட்டி எடுப்பாள். கிலோ கணக்கில் கூலி. இடது கட்டைவிரல் நகம் எப்போதும் கறுத்திருக்கும். புளிக்கறை இல்லை, சுத்தியல் தவறி விழுந்த அடி. அந்த விரலாலேயே களி உருண்டையில் குழி பறித்து, கீரைக் கடைசல் ஊற்றித் தருவாள்.

கொட்டையையும் வீச மாட்டாள். அதை விற்ற காசுதான் எனக்கு நோட்டுப் புத்தகம்.

யாராவது விசாரித்தால், "வீட்ல சும்மாதான் இருக்கேன்" என்பாள்.

ஆயா வாக்கப்பட்டு வந்தபோது எங்கள் ஊர் சேலம் மாவட்டம். 1965-ல் தருமபுரி ஆனது. 2004-ல் கிருஷ்ணகிரி. மூன்று மாவட்டத்திலும் அவளுக்கு அதே திண்ணைதான்.

போன ஐப்பசியில் போய்ச் சேர்ந்தாள்.

சுத்தியல் என்னிடம் இருக்கிறது. மரப்பிடியில் அவள் விரல்கள் பதிந்த இடம் மட்டும் பள்ளமாகத் தேய்ந்திருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் எடுத்துப் பிடித்துப் பார்த்தேன்.

என் கைக்கு அது பொருந்தவில்லை, ஆயா.