ஹெல்சிங்கியில் ஒரு தலைகீழ்க் கணக்கு

ஹெல்சிங்கிக்குப் போகிறேன் என்றதும் எல்லோரும் குளிரைச் சொல்லித்தான் பயமுறுத்தினார்கள். குளிர் பரவாயில்லை. நல்ல கோட்டும் வழுக்காத ஷூவும் இருந்தால் சமாளித்துவிடலாம். டிசம்பரில் காலை 9 மணிக்கு மேல் விடிந்து, மதியம் 3 மணி தாண்டியதும் இருட்டிவிடுவதுதான் ஆளைப் படுத்துகிறது. பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பது இன்னொரு சங்கடம். பல நாள் எப்படியோ கூப்பிடாமலே பேசி ஒப்பேற்றினேன்.

வேலை ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் கும்புலா வளாகத்தில். துறை, இன்வர்ஸ் பிராப்ளம்ஸ் என்கிற தலைகீழ்க் கணக்குகள். பின்லாந்துக்காரர்கள் இதில் கெட்டி. எக்ஸ்ரே ஒரு பொருளைத் துளைத்து வெளியே வரும்போது, வழி நெடுக மொத்தம் எவ்வளவு தேய்ந்தது என்பது மட்டும்தான் கருவிக்குத் தெரியும். பல திசைகளில் எடுத்த அந்தக் கூட்டுத்தொகைகளை வைத்து உள்ளே எங்கே என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். சிடி ஸ்கேன் செய்வது இதைத்தான்.

ஊரில் அப்பாவுக்கு மளிகைக் கடை. என்னடா வேலை என்று போனில் கேட்டவருக்கு, "பில்லுல மொத்தம் மட்டும்தான் இருக்குப்பா. எந்தச் சாமான் என்ன விலைன்னு கண்டுபிடிக்கணும்" என்றேன்.

"நிறைய பில்லு இருந்தா போட்டுடலாமே."

"ஒவ்வொரு பில்லுலயும் ஒரு ரூபா, ரெண்டு ரூபா தப்பு இருக்கு. அதுவும் எல்லாரும் அரிசியும் பருப்பும் கிட்டத்தட்ட ஒரே விகிதத்துல வாங்கியிருக்காங்க."

சிக்கலே அங்கேதான். அப்படிப்பட்ட பில்களில் 1 ரூபாய்ப் பிழை, விலையில் 100 ரூபாயாக வீங்கிவிடும். அளவீட்டில் சிறு மாற்றம் வந்தால் விடையிலும் சிறு மாற்றம்தான் வர வேண்டும் என்பது பிரெஞ்சுக் கணிதர் ஹடமார்ட் நல்ல கணக்குக்கு வைத்த நிபந்தனைகளில் ஒன்று. எங்கள் கணக்குகள் அதில் தேறுவதில்லை.

அப்பா கொஞ்சம் யோசித்தார். "அரிசி இந்த விலைக்குக் கீழ போகாது, உப்பு இதுக்கு மேல ஏறாதுன்னு எனக்குத் தெரியும்ல. அத வச்சுச் சொல்லிடுவேன்" என்றார்.

பேய்சியன் முறை என்று நாங்கள் சொல்வது இதைத்தான். அளவீட்டோடு முன்னறிவையும் சேர்த்துக்கொள்வது. ரஷ்யக் கணிதர் டிகனோவ் 1963-ல், விடை மிகையாக வீங்கினால் அபராதம் என்று ஒரு வழி சொன்னார். எண்கள் மணி வடிவப் பரவலில் இருக்கும் என்று முன்னறிவு வைத்தால், புள்ளியியல் வழியிலும் அதே சூத்திரம்தான் வருகிறது. ஆனால் அது விளிம்புகளை மழுக்கிவிடும். 1992-ல் வந்த டோட்டல் வேரியேஷன் முறை விளிம்புகளைக் காப்பாற்றியது.

மெஷின் லேர்னிங் வந்த பிறகு முன்னறிவை நாம் எழுதித் தருவதில்லை. ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்து நியூரல் நெட்வொர்க் என்கிற கணினி நிரலே கற்றுக்கொள்கிறது. படம் பளிச்சென்று வருகிறது. எனக்கு உறுத்துவதும் அந்தப் பளிச்தான். டிகனோவ் முறை தெரியாத இடத்தை மங்கலாக்கிவிடும், பார்த்ததுமே சந்தேகம் வரும். நெட்வொர்க் தெரியாத இடத்தையும் கூர்மையாக வரைந்துவிடும். அளவீட்டில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு அசைவே சில நெட்வொர்க்குகளின் படத்தைக் குலைத்துவிடுகிறது என்று 2020-ல் ஒரு ஆய்வு காட்டியது. கட்டி இருக்கிறதா இல்லையா என்று பார்க்கும் இடத்தில் இது விளையாட்டில்லை.

அதற்காக ஒதுக்கிவிடவும் முடியாது. 2022-ல் இங்கே நடத்திய டோமோகிராபி, அதாவது சிடி ஸ்கேன் வகைக் கணக்குப் போட்டியில், துளையிட்ட அக்ரிலிக் வட்டுகளை 90 டிகிரியில் ஆரம்பித்து வெறும் 30 டிகிரிக் கோணம் வரை குறுக்கி எக்ஸ்ரே எடுத்து, முழு வடிவத்தைக் கேட்டார்கள். பழைய முறைகள் அங்கே திணறும். கணினியில் தாங்களே செய்த போலி வட்டுகளைக் காட்டி நெட்வொர்க்கைப் பழக்கிய குழுக்கள் நன்றாகவே செய்தன. எல்லாமே வட்டு, வட்டுக்குள் துளைகள் என்பது முன்கூட்டியே தெரிந்ததால் வந்த பலன் அது. நோயாளியின் நுரையீரலுக்கு அந்த உத்தரவாதம் யார் தருவது?

இங்குள்ளவர்கள் பொதுவில் வைத்திருக்கும் எக்ஸ்ரே தரவுகளில் வால்நட் ஒன்று, தாமரைக் கிழங்கு ஒன்று. கிழங்கின் துளைகளில் சில பொருட்களைச் செருகிப் படம் எடுத்திருக்கிறார்கள். குறுக்குவெட்டைத் திரையில் பார்த்ததும் வீட்டில் பொரிக்கும் தாமரைத் தண்டு வத்தல் ஞாபகம் வந்தது. பக்கத்து மேஜைக்காரரிடம் இதைத் தின்போம் என்றேன். "அப்படியா" என்று திரும்பிக்கொண்டார். மறுநாள் காபி நேரத்தில் அவராக வந்து, எப்படிச் சமைப்பீர்கள் என்று கேட்டார்!

குழுக் கூட்டத்திலும் இதே நிதானம்தான். படத்தைப் பார்த்து யாரும் ஆஹா ஓஹோ என்பதில்லை. "இந்த ஓரம் எவ்வளவு நிச்சயம்?" என்று ஒருவர் மெதுவாகக் கேட்பார். அதனால் இப்போதெல்லாம் ஒரே விடையைக் கொண்டுபோவதில்லை. அளவீட்டோடு ஒத்துப்போகும் பல விடைகளை எடுத்து, அவை எங்கெங்கே முரண்படுகின்றன என்று இன்னொரு படமும் சேர்த்தே போடுகிறேன். டிசம்பரில் நாட்டிலுள்ள இத்துறைக்காரர்கள் கூடும் இன்வர்ஸ் டேஸ் மாநாடு வருகிறது. அதற்குள் அந்த இரண்டாவது படத்தை முடிக்க வேண்டும்.