காலை இழக்கப்போகிறவரிடம் ஒப்புதல் கேட்ட நாட்கள்

சென்னையில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், கால் தமனி அடைப்பு நோய் பற்றிய ஆய்வுக்காக இரண்டு ஆண்டுகள் நோயாளிகளின் இரத்தத்தையும் திசுவையும் சேகரித்தேன். இதே பணியைத் தொடங்கவிருக்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நெறிமுறைக் குழு அனுமதிக்கும் வரை ஒரு சொட்டு இரத்தமும் எடுக்கக் கூடாது. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளைப் பின்பற்றி, மாதிரியை எதற்குப் பயன்படுத்துவோம், எவ்வளவு காலம் வைத்திருப்போம், பின்னாளில் வேறோர் ஆய்வுக்கு எடுப்போமா என்பதையெல்லாம் தமிழிலேயே படிவமாக எழுதினேன். குழுவிலிருந்த, மருத்துவம் சாராத உறுப்பினர் ஒருவர், 'திசு' என்றால் நோயாளிக்கு விளங்குமா என்று கேட்டார். 'எடுக்கப்படும் காலிலிருந்து ஒரு சிறு இரத்தக்குழாய்த் துண்டு' என்று மாற்றினேன்.

எங்கள் வார்டில் இருந்தவர்களில் பலர் சர்க்கரை நோயாளிகள். பலர் ஆண்டுக்கணக்காகப் பீடி புகைத்தவர்கள். விரல் கறுத்து, இரவெல்லாம் வலியில் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அறுவைக்கு முந்தைய மாலையில் ஒரு பெரியவரிடம் படிவத்தை நீட்டியபோது, "தம்பி, இதுல கைநாட்டு வைக்கலேன்னா ஆபரேஷன் பண்ண மாட்டீங்களா?" என்று கேட்டார். அந்தப் பயத்தில் பெறுவது ஒப்புதலே அல்ல என்பதால் படிவத்தை மடித்து வைத்துக்கொண்டேன். அதன்பின் அவசரமில்லாத அறுவைகளில் இரண்டு நாள் முன்னதாகவே போய், வீட்டார் இருக்கும் நேரமாகப் பார்த்து, மறுத்தாலும் சிகிச்சை மாறாது என்பதை முதலில் சொல்லிவிட்டே மற்றதைப் பேசினேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு, ஆய்வுக் குழுவைச் சேராத ஒருவர் சாட்சியாக உடனிருந்தார்.

தியேட்டரில் எல்லாமே நேரக் கணக்குதான். பைபாஸ் அறுவையில் தமனியை இடுக்கியால் கவ்வுவதற்கு முன், இரத்தம் உறையாமலிருக்க ஹெபாரின் என்ற மருந்தைச் செலுத்துவார்கள். அது கலந்த இரத்தம் பிசிஆர் என்னும் மரபணுச் சோதனையைக் கெடுக்கும் என்பதால், அதற்கு முன்பே, உறைதலைத் தடுக்கும் இடிடிஏ வேதிப்பொருள் உள்ள குழாயில் எடுத்து, குலுக்காமல் எட்டுப் பத்து முறை மெல்லக் கவிழ்த்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, இரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜுக்குக் கொண்டு ஓடுவேன். மேலே பிரிந்து நிற்கும் நீர்ப்பகுதியான பிளாஸ்மா இளஞ்சிவப்பாக இருந்தால் சிவப்பணுக்கள் உடைந்துவிட்டன என்று பொருள். எங்கள் ஆய்வுக்கு அது உதவாது. தமனித் துண்டை மூன்றாகப் பிரித்து, ஒன்றைத் திரவ நைட்ரஜனிலும், ஒன்றை, எளிதில் சிதையும் மரபணு மூலக்கூறான ஆர்என்ஏவைக் காக்கும் கரைசலிலும், ஒன்றை நுண்ணோக்கியில் பார்ப்பதற்காகப் பதப்படுத்தும் ஃபார்மலினிலும் இடுவோம். கால்சியம் படிந்த தமனி முட்டை ஓடுபோல் கத்தியின்கீழ் நொறுங்கும். ஒருநாள் முழுத் துண்டும் வழக்கப்படி ஃபார்மலினுக்குள் போய்விட்டது. தவறு என்னுடையதே, முன்கூட்டியே தியேட்டர் செவிலியரிடம் சொல்லி வைத்திருக்க வேண்டும். நோயாளி மனமுவந்து கொடுத்ததில் பெரும்பகுதி வீணானது இன்றும் உறுத்துகிறது.

குழாய்களில் பெயர் இருக்காது, எண் மட்டுமே. பெயரையும் எண்ணையும் இணைக்கும் பதிவேடு வழிகாட்டிப் பேராசிரியரின் பூட்டிய அலமாரியில் இருந்தது. அது ஒரே ஒருமுறை தேவைப்பட்டது. காலை இழந்து வீடு திரும்பிய ஓர் அம்மா, மறுபரிசோதனைக்கு வந்தபோது, தன் மாதிரி வேண்டாம் என்றார். காரணம் கேட்க எனக்கு உரிமையில்லை. மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியிலிருந்து அவருடைய நான்கு குழாய்களையும் தேடி எடுத்து, மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் சேர்த்து, நெறிமுறைக் குழுவுக்கு எழுதித் தெரிவித்தேன். அடுத்த முறை கட்டு மாற்ற வந்தவரிடம் அதைச் சொன்னேன். "சரிப்பா" என்று சொல்லிவிட்டு வரிசையில் போய் அமர்ந்தார்.