ஆறடித் தொட்டிக்கு யார் யார்?

செப்டம்பர் 6, 2025, சனி

புது மீன் தொட்டி வந்துவிட்டது. ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், எங்கள் சாட்ஸ்வொர்த் மேட்டுத் தெருவில் வண்டியை நிறுத்தி, நாலு பேர் சேர்ந்து படியேற்றினோம். அறுநூறு லிட்டருக்கு மேல் பிடிக்கும். தண்ணீர், கண்ணாடி, பாறை எல்லாம் சேர்த்தால் முக்கால் டன் தாண்டும் என்பதால் மர ஸ்டாண்டை நம்பவில்லை. கீழறையின் சிமெண்டுத் தரையில் செங்கல் மேடை கட்டி வைத்தேன்.

பழைய நாலடித் தொட்டியில் இப்போது ஒரே ஒரு மீன், அவுரேட்டஸ் என்ற வகையில் ஓர் ஆண். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்களில் நான் முதலில் வளர்த்தவன் அவன்தான். சின்னதில் தங்க மஞ்சளில் கறுப்புக் கோடுகள் போட்டிருந்தான். பெரியவனானதும் நிறம் தலைகீழாகி, உடம்பே கறுத்துவிட்டது. கூட விட்ட மூன்று பெண்மீன்களையும் ஒவ்வொன்றாகத் துரத்தியே கொன்றுவிட்டான். ஒளிய இடமில்லாமல் அவற்றை விட்டது என் தப்பு. அந்தத் தப்பை இந்தத் தொட்டியில் செய்யக் கூடாது. யாரோடு யாரை விடுவது என்று எழுதிப் பார்க்கத்தான் இந்தக் குறிப்பைத் தொடங்குகிறேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

தண்ணீர் வேலை. குழாய்த் தண்ணீரின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, 7.4 காட்டியது. மலாவி ஏரியில் 7.7 முதல் 8.6 வரை இருக்கும். பவள மணலும் அளவாகச் சோடா உப்பும் போட்டு மெதுவாக ஏற்றிக்கொண்டிருக்கிறேன். பாறைகளை முதலில் கண்ணாடி மேல் பதித்து, அதற்கப்புறம்தான் மணல் கொட்டினேன். இந்த மீன்கள் ஓயாமல் மணலைத் தோண்டும். மணல் மேல் பாறையை வைத்தால் ஒருநாள் சரிந்து கண்ணாடியே போய்விடும். பழைய ஃபில்டரின் ஸ்பாஞ்சைப் பிழிந்து புது ஃபில்டருக்குள் வைத்தாயிற்று. மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய பேட்டரி ஏர்பம்பையும் துடைத்து எடுத்து வைத்தேன்.

செப்டம்பர் 13, சனி

மகளோடு கடைக்குப் போனேன். ஒரு தொட்டியின் மூலையில் உள்ளங்கை நீள மீன் ஒன்று மணலில் சாய்ந்து படுத்திருந்தது. வெள்ளை உடம்பில் திட்டுத் திட்டாகப் பழுப்பு. செவுள் அசைகிறதா என்றே தெரியவில்லை.

"அப்பா, இது செத்துப்போச்சு. அந்த அண்ணாகிட்ட சொல்லுங்க."

"கொஞ்சம் பொறுத்துப் பாரும்மா."

பொடி மீன் ஒன்று மோப்பம் பிடிப்பதுபோல் பக்கத்தில் வந்தது. அடுத்த நொடி மணல் எழும்பியது, பொடி மீனைக் காணோம். மகள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அது லிவிங்ஸ்டோனி. மலாவிக் கரையில் அதைக் 'காலிகோனோ' என்பார்கள், தூங்குகிறவன் என்று அர்த்தம். 1859இல் ஏரிக்கு வந்த டேவிட் லிவிங்ஸ்டன் பெயர்தான் இந்த மீனுக்கு. இருபது சென்டிமீட்டரைத் தாண்டி வளரும். வீடு வரும் வரை மகள் அதையே கேட்டாள். நமக்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஏன் வேண்டாம் என்று அவளுக்கு விளக்கப் போய், எனக்கே தெளிவு வந்தது.

ஒரே ஏரி மீன் என்பதால் ஒத்துப்போகும் என்றில்லை. பாறையோடு ஒட்டி வாழ்கிற எம்புனா பாசியைச் சுரண்டித் தின்னும். அதன் குடல் நீளம். திறந்த நீரில் திரியும் ஹாப் வகையில் (கடையில் பார்த்த லிவிங்ஸ்டோனி இதில்தான் சேரும்) பலவும் சின்ன மீன் பிடித்துத் தின்பவை. ஹாப்புக்குப் போடுகிற கொழுத்த தீனியைத் தினமும் தின்றால் எம்புனாவுக்கு வயிறு உப்பி நோய் வரும். மாற்றிப் போட்டால் ஹாப்புக்குப் போதாது. பீக்காக் என்ற இன்னொரு வகை சாது; எம்புனாக்களின் ரகளையில் பயந்து ஒதுங்கி, இருக்கிற நிறமும் வெளுத்துவிடும். ஆக, எம்புனா மட்டும், அதிலும் அடக்கமானவை.

அப்புறம் நிறம். தன்னைப்போல் நிறமும் கோடும் உள்ளவனைத்தான் ஆண்மீன் முதலில் எதிரியாகப் பார்க்கும். அதனால் ஒரே சாயலில் இரண்டு இனம் கூடாது. எம்புனாவிலேயே ரெட் ஸீப்ரா, மஞ்சள் லேப் என்ற இரண்டு இனமும் கலந்து குஞ்சு போடும் என்பதால் ரெட் ஸீப்ராவையும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

மிஞ்சியவை மூன்று. மஞ்சள் லேப் எட்டு, ஊதாப் பழுப்பில் ரஸ்டி எட்டு, மஞ்சள் துடுப்போடு அசேயி எட்டு. அசேயி ஏரிக்குள் முழுகிக் கிடக்கும் மரக்கட்டைகளை ஒட்டி மேயும். மற்றவை பாறையில் இருக்க, இது மேல்மட்டத்தில் கூட்டமாகத் திரியும். ஒவ்வொன்றிலும் ஆண் இரண்டு, மிச்சமெல்லாம் பெண். ஒரே பெண்ணை ஓயாமல் விரட்டாமல் இருக்க இதுதான் வழி.

அவுரேட்டஸ்? இன்னும் எழுத மனம் வரவில்லை.

செப்டம்பர் 20, சனி

புரட்டாசி முதல் சனி. வீட்டில் மரக்கறிதான். அத்தை கீரை ஆய்ந்துகொண்டே, "மாப்பிள்ளை, உங்க மீனுக்கும் கொஞ்சம் எடுத்து வைக்கட்டுமா?" என்றார். வெந்நீரில் ஒரு கொதி விட்ட கீரை எம்புனாவுக்கு நல்ல சாப்பாடு.

செப்டம்பர் 24, புதன்

பாரம்பரிய தினம், விடுமுறை. இருபத்துநான்கையும் ஒரே நாளில் கொண்டுவந்தோம். முன்னாடி வந்தவன் இடம் பிடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக. விளக்கை அணைத்து, பைகளை மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீர் சேர்த்தபின் விட்டேன். பொழுது சாய்வதற்குள் அசேயி மேலே வரிசை கட்டிவிட்டது.

செப்டம்பர் 27, சனி

மனசு கேட்கவில்லை. பாறைகளை இடம் மாற்றி வைத்துவிட்டு, கடைசியாக அவுரேட்டஸை விட்டேன். ஐந்து வருஷம் என் கையில் வளர்ந்தவன். இவ்வளவு பெரிய தொட்டியில் அவனும் ஒருவனாக இருந்துவிடுவான் என்று ஆசைப்பட்டேன்.

இரவு பதினொன்றுக்கு டார்ச் அடித்துப் பார்த்தேன். ரஸ்டி ஆண் ஒன்று ஹீட்டருக்குப் பின்னால் செங்குத்தாக நின்றது. வால் துடுப்பு பாதி கிழிந்து நார்நாராகத் தொங்கியது, ஒரு பக்கம் செதில் போயிருந்தது. அவுரேட்டஸோ நடுப்பாறை மேல் நின்று, நெருங்கியவரை எல்லாம் விரட்டினான். வலையில் பிடிக்க ஒரு மணி நேரமாயிற்று; கட்டிய பாறையில் பாதியைக் கலைக்க வேண்டியிருந்தது. நாலடித் தொட்டி இனி அவனுக்கு மட்டும். கூட யாரும் வேண்டாம்.

அக்டோபர் 12, ஞாயிறு

ரஸ்டிக்கு வால் வளர்ந்துவருகிறது, கண்ணாடிபோல் மெல்லிசாக.

இன்னொன்று. ரஸ்டிப் பெண் ஒன்றுக்குத் தாடை புடைத்திருக்கிறது. வியாழனிலிருந்து தீனி தொடவில்லை. வாய்க்குள் முட்டை! கன்னத்தை அசைத்து அசைத்து முட்டைகளைப் புரட்டிக்கொண்டே இருக்கிறாள். அம்பாசமுத்திரத்தில் சின்ன வயதில் குளத்தில் பிடித்த ஜிலேபி கெண்டையும் இப்படித்தான் வாயில் வைத்துப் பொரிக்கும். 1952இல் இந்தியாவுக்கு வந்த மீன் அது. சொந்த ஊர் இந்தப் பக்கத்து ஆறுகள்தான். நான் இங்கே வந்தபின்தான் அதைத் தெரிந்துகொண்டேன்.

குஞ்சு வெளிவர மூன்று வாரமாகும். நடுவில் தீபாவளி, வீட்டில் கூட்டமிருக்கும். தொட்டி அறைக் கதவைச் சாத்தியே வைக்கும்படி எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். மகள் காலண்டரில் முப்பதாம் தேதியைச் சுழித்து வைத்திருக்கிறாள்.