புகைப்படத் தொகுப்பும் வாய்மொழித் தேர்வும்: டெல்டாவிலிருந்து படித்த ஒருவரின் அனுபவம்

புகைப்படக் கலையைப் பகுதிநேரப் பட்டயப் படிப்பாகவோ, விஷுவல் கம்யூனிகேஷன் பட்டப்படிப்பின் ஒரு தாளாகவோ படிப்பவர்களுக்கு எழுத்துத் தேர்வு அவ்வளவு பெரிய தடையாக இருப்பதில்லை. அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு), ஷட்டர் (ஒளி விழும் நேரம்), ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) ஆகிய மூன்றுக்கும் இடையிலான உறவு, லென்ஸ் வகைகள், 1839-இல் டாகுரே என்பவரின் புகைப்பட முறை பிரான்சில் அறிவிக்கப்பட்டதிலிருந்து தொடங்கும் வரலாறு ஆகியவற்றைப் பாடநூலில் ஊன்றிப் படித்தால் தேறிவிடலாம். மதிப்பெண்ணை ஏற்றவும் இறக்கவும் வல்லவை, நாம் எடுத்துச் சமர்ப்பிக்கும் படங்களின் தொகுப்பும் அதன்மீது நடக்கும் வாய்மொழித் தேர்வுமே. மன்னார்குடியில் வேலை பார்த்துக்கொண்டே, ஒரு சாதாரண டிஎஸ்எல்ஆர் கேமராவும் அதனுடன் வந்த 18-55 கிட் லென்ஸும் மட்டும் வைத்துக்கொண்டு அந்தத் தேர்வை எழுதியவள் என்ற முறையில், தொகுப்பைத் தயார்செய்வது பற்றி எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

வாய்மொழித் தேர்வில் முதலில் வரும் கேள்வி பெரும்பாலும் எளிதாகவே இருக்கும்: இந்தப் படம் உங்களுக்கு ஏன் பிடித்திருக்கிறது? பாட்டி வீட்டு நினைவு, சிறுவயதில் குளித்த ஆறு என்று பலர் உருகிப் பேசிவிடுகிறார்கள். தேர்வாளர் அதைக் கேட்டுத் தலையாட்டுவார். ஆனால் மதிப்பெண் அதற்கு அல்ல. அடுத்த கேள்விகளில்தான் விஷயம் இருக்கிறது. வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, ஏன் அந்த இடத்தில் நின்றீர்கள், அரை மணி நேரம் கழித்து எடுத்திருந்தால் படம் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பார்கள். ஆகவே படத்துக்குப் பின்னால் உள்ள நினைவு என்பது அன்றைய மனநிலையாக மட்டும் இருந்தால் போதாது. அந்த இடத்தில் நாம் எடுத்த முடிவையும் அதன் காரணத்தையும் சொல்லக்கூடிய நினைவாக அது இருக்க வேண்டும். தொலைவில் உள்ள சுற்றுலா இடங்களை விட, மீண்டும் மீண்டும் போய்வரக்கூடிய பக்கத்து ஊர்களைத் தொகுப்புக்குத் தேர்ந்தெடுக்கச் சொல்வதும் இதனால்தான்.

என் தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த அன்றாடப் படம், திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறையில் ஆடிப்பெருக்கன்று எடுத்தது. தண்ணீரை ஒட்டிய படியில் விரித்த வாழையிலை, அதில் காப்பரிசி, காதோலை கருகமணி, மஞ்சள் தடவிய நூல், அவற்றை ஒழுங்குபடுத்தும் இரண்டு கைகள்; முகம் படத்தில் இல்லை. அந்தப் படித்துறை ஆற்றின் வடகரையில் இருப்பதால் அங்கிருந்து ஆற்றைப் பார்த்து நிற்பவர் தெற்கு நோக்கி நிற்கிறார். ஆடி மாதத்தில் சூரியன் நேர் கிழக்கிலிருந்து சற்று வடக்கே விலகி உதிப்பதால், காலை வெளிச்சம் நம் இடது தோளுக்குச் சற்றுப் பின்னாலிருந்து விழும். கைகளும் அரிசியின் ஈரமும் தெளிவாகத் தெரியும். நூலின் மஞ்சள் வெளிறிப்போகாது. அதே படியில் அதே நேரத்தில் மார்கழியில் நின்றால், சூரியன் தென்கிழக்கில் இருக்கும். வெளிச்சம் இடது முன்பக்கத்திலிருந்து வந்து கைகள் பாதி நிழலாகிவிடும். இந்தப் படத்தைக் கையில் எடுத்த தேர்வாளர், “இதையே மார்கழியில் எடுத்தால் என்னம்மா வித்தியாசம்?” என்றுதான் கேட்டார். படித்துறையின் திசையை முன்பே குறித்து வைத்திருந்ததால் பதில் சொல்வது எளிதாக இருந்தது.

குறித்து வைப்பதற்கு ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் போதும். நேரம், ஷட்டர் வேகம், அபெர்ச்சர், ஐஎஸ்ஓ ஆகியவற்றைக் கேமராவே கோப்புக்குள் பதிந்துவிடுவதால் அவற்றை எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம். கேமராவுக்குத் தெரியாதவற்றை எழுதுங்கள்: நின்ற திசை, காற்று, மேகம், யாரிடம் அனுமதி கேட்டீர்கள், எந்த இடத்தை வேண்டாம் என்று விலக்கினீர்கள், ஏன் விலக்கினீர்கள். கடைசியாகச் சொன்னதைப் பெரும்பாலோர் எழுதுவதில்லை. வாய்மொழித் தேர்வில் அதிகம் உதவுவதோ அதுதான்.

நடவுப் படம் இல்லாத டெல்டா மாணவரின் தொகுப்பு அபூர்வம். அதனாலேயே தேர்வாளர்கள் அதைப் பார்த்துப் பார்த்துச் சலித்திருப்பார்கள். அந்தப் படங்களில் பெரும்பாலானவை குனிந்த முதுகுகளின் படங்கள். நடவு நடுபவர்கள் பின்னோக்கி நகர்ந்துகொண்டே நடுவார்கள் என்பதை நினைவில் கொண்டால் இதைத் தவிர்க்கலாம். அவர்கள் நகர்ந்து வரும் பக்கத்து வரப்பில் நிற்பவருக்கு முதுகு மட்டுமே தெரியும்; நட்டு முடித்த பக்கத்தில், வரப்பின்மேல் தாழ உட்கார்ந்தால், புதிதாக ஊன்றிய நாற்று வரிசைகள் நம்மிடமிருந்து புறப்பட்டு அவர்களுடைய முகங்களில் போய் முடியும். வடுவூருக்கு அருகே ஒரு வயலில், “ஏன் பாப்பா, முதுகையே எடுத்துக்கிட்டிருக்கியே, எங்களுக்கெல்லாம் மூஞ்சி இல்லையா?” என்று ஓர் அம்மாள் சிரித்துக்கொண்டே கேட்ட பிறகுதான் மறுபக்க வரப்புக்குப் போனேன். என் தொகுப்பில் இடம்பெற்ற நடவுப் படம் அவருடைய கேள்வியால் கிடைத்தது. தேர்வறையிலும் அப்படியே சொன்னேன். அனுமதி கேட்பதும் எடுத்த படத்தைத் திரையில் காட்டுவதும் நாகரிகம் என்பதோடு, இப்படிப்பட்ட யோசனைகள் கிடைக்கும் வழியும் அதுவே.

இயற்கைப் படங்களில் தேர்வாளர்கள் விரும்பிக் கேட்பது ஒளியளவு பற்றி. கேமராவின் ஒளிமானி தான் பார்ப்பது அனைத்தையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே எண்ணிக் கணக்கிடுகிறது என்று பாடநூலில் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அந்த வரியை முழுமையாக விளக்க டெல்டாவில் இரண்டு வெள்ளைகள் இருக்கின்றன. முதலாவது, சேற்றுழவு நடக்கும் வயலில் கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) பூட்டிய டிராக்டரின் பின்னால் கூட்டமாக நடக்கும் கொக்கு. படச் சட்டகத்தின் பெரும்பகுதி கருஞ்சேறு. கேமரா அதை வெளுப்பாக்க முயல்வதால் கொக்கின் இறகுகள் விவரம் இல்லாத வெள்ளைத் திட்டாகிவிடும். ஆகவே ஒளியளவை ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டும் (ஒரு ஸ்டாப் குறைப்பது வெளிச்சத்தைப் பாதியாக்குவது, கூட்டுவது இரட்டிப்பாக்குவது). இரண்டாவது, வேதாரண்யத்து உப்பளம். 1930-இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்தவர்கள் உப்புச் சட்டத்தை மீறிய ஊர் என்பதை அந்தப் படத்தின் குறிப்பில் ஒரு வரியாகச் சேர்த்திருந்தேன். அங்கே படச் சட்டகம் முழுவதும் வெண்மை. கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும். பாத்தியோரம் குவித்த உப்பு சிமெண்ட் குவியல் போலப் படத்தில் தெரிந்தால் காரணம் இதுதான். இங்கே ஒரு ஸ்டாப்போ அதற்குச் சற்று மேலோ கூட்ட வேண்டும். ஒன்றில் குறைப்பு, மற்றொன்றில் கூட்டல் என இரண்டு வெள்ளைப் படங்களையும் தொகுப்பில் அடுத்தடுத்து வைத்தால், தேர்வாளர் கேட்பதற்கு முன்பே கேள்வியை நாம் உருவாக்கிக் கொடுத்ததாகிவிடும். இந்த ஏற்பாட்டைச் செய்தவள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

நீண்ட லென்ஸ் இல்லையே என்ற கவலை பறவைப் படங்களில் வரும். 2022-இல் ராம்சார் தளமாக (பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக) அறிவிக்கப்பட்ட வடுவூர் ஏரிக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை வலசைப் பறவைகள் வருகின்றன. பெரிய லென்ஸ்களுடன் வருபவர்களும் அப்போதுதான் வருவார்கள். அவர்களோடு போட்டியிட்டுப் பயனில்லை. கிட் லென்ஸில் பறவை சிறிதாகத்தான் தெரியும் என்றால், அது வாழும் இடத்தைப் பெரிதாகக் காட்டுங்கள்: கரைக் கருவேல மரம், அதன் உச்சியில் நத்தைகுத்தி நாரை, கீழே நீர், அப்பால் நெல்வயல். நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் இடைவெளி விட்டிருப்பதும், நத்தைகளை அது உண்பதும், வயலும் ஏரியும் அருகருகே இருப்பதால் அதற்கு இரை கிடைப்பதும் ஒரே படத்தை வைத்துப் பேசக்கூடிய செய்திகள். இறகை எண்ணும் அளவுக்கு நெருக்கமான படத்தை வைத்திருப்பவரால் இதைச் சொல்ல முடியாது. கூட்டில் குஞ்சு இருக்கும்போது நெருங்குவதும் ஃபிளாஷ் அடிப்பதும் கூடவே கூடாது. படம் நன்றாக இருந்தாலும் நல்ல தேர்வாளர் அதை ஏற்பதில்லை.

கல்லணையில் மதகு வழியே பாயும் நீரைப் பட்டுத்துணி போல மழுங்கலாக எடுப்பது மாணவர்களின் ஆசை. இதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. அதைத் தேர்வறையில் போட்டுக் காட்ட முடிய வேண்டும். நல்ல வெயிலில் அபெர்ச்சர் எஃப் 16, ஐஎஸ்ஓ 100 என்றால் ஷட்டர் வேகம் 1/100 வினாடி அளவில் இருக்கும். நீர் மழுங்க 1/8 வினாடி வேண்டும் என்றால், ஏறத்தாழ மூன்றரை ஸ்டாப் வெளிச்சத்தைக் குறைத்தாக வேண்டும். லென்ஸுக்குள் வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் வாங்கப் பணம் இல்லாதவர்கள் சூரியன் மறையும் வரை பாலத்தின் நடைபாதையில் காத்திருந்தால் போதும். டிரைபாட் மட்டும் கட்டாயம் வேண்டும், வாகனம் போகும்போது பாலம் அதிர்வதால் போக்குவரத்து ஓயும் இடைவெளியில் எடுக்க வேண்டும்.

தை, மாசியில் சாலையோரம் நெல் காயப்போடும் காட்சியை யாரும் பொருட்படுத்துவதில்லை; என் பார்வையில் டெல்டாவின் சிறந்த பாடம் அதுவே. நெல்லைக் காலால் அளைந்துகொண்டே நடக்கும்போது விழும் நீளமான வரிகள், மாலை வெயில் சாலைக்குக் குறுக்கே விழுந்தால்தான் எழுந்து நிற்கும். ஆகவே வடக்கு தெற்காகப் போகும் சாலையைத் தேடிப் பிடியுங்கள். கிழக்கு மேற்குச் சாலையில் அதே நெல் வெறும் மஞ்சள் பரப்பாகத் தெரியும்.

இவற்றையெல்லாம் ஒரே மாதத்தில் எடுக்க முடியாது என்பதால் நாட்காட்டியை முன்வைத்துத் திட்டமிடுவது அவசியம். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்படுகிறது. இருப்பு குறைந்த ஆண்டுகளில் தள்ளிப்போகும். நீர் கல்லணையை அடையச் சில நாட்களும், கடைமடைக்குப் போக அதற்கு மேலும் ஆகும். மே மாதத்தில் தேர்வு என்றால் முந்தைய ஆண்டின் குறுவை நடவிலிருந்தே தொடங்க வேண்டும்: பிறகு ஆடிப்பெருக்கு, வடுவூரில் பறவைகள், தையில் அறுவடை, கோடை தொடங்கியதும் உப்பளம். தஞ்சைப் பெரிய கோயிலை யாரும் விடப்போவதில்லை என்பதால் அதைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். கோயில் கிழக்கு நோக்கியது. முகப்பில் வெயில் வேண்டுமானால் காலையில் போக வேண்டும். 1010-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த விமானத்தின் முழு உயரத்தையும் காட்டும் படங்களைத் தேர்வாளர் ஏராளமாகப் பார்த்திருப்பார்.

அச்சிடும் வேலையைக் கடைசி வாரத்துக்குத் தள்ள வேண்டாம். டிஎஸ்எல்ஆர் படத்தின் விகிதம் 3:2 என்பதால் 12×8 அளவில் முழுப் படமும் வரும். 10×8 கேட்டால் ஓரம் வெட்டப்படும், நாம் யோசித்து வைத்த ஓரத்துக் கொக்கு காணாமல் போகும். மொபைலில் எடுத்தவை பொதுவாக 4:3 என்பதால் அவற்றுக்கு 8×6 பொருந்தும். தேர்வறையின் டியூப்லைட் வெளிச்சம் பளபளப்பான தாளில் பிரதிபலிக்கும் என்பதால் மேட் தாளையே கேளுங்கள். முதலில் ஒரே ஒரு படத்தை மட்டும் அச்சிட்டு, திரையில் பார்த்ததை விட இருட்டாக வருகிறதா என்று பார்த்த பிறகு மற்றவற்றைக் கொடுங்கள். வைகாசி முகூர்த்த நாட்களில் கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் உள்ள லேப்கள் கல்யாண ஆல்பங்களில் மூழ்கியிருக்கும். சித்திரை முடிவதற்குள் படங்களைக் கொடுத்து வாங்கிவிடுவது நல்லது.