எஸ்எஸ்எச் போர்ட்டை ஊருக்கு மூடின கதை

கூகுள் கிளவுட்ல சின்னதா ஒரு விஎம், அதாவது வாடகை கம்ப்யூட்டர் வச்சிருக்கேன், டெபியன் லினக்ஸ், ஒரு வெப்சைட்டும் டாக்கர்ல (ஆப்பைத் தனிப் பெட்டியா ஓட்டுற டூல்) ஒரு போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸும் ஓடுது அவ்ளோதான். தூரத்துல இருந்து அதுக்குள்ள லாகின் பண்றது எஸ்எஸ்எச் வழியா, அதுக்கான வாசல் போர்ட் 22. போன மாசம் வேற எதுக்கோ லாக் ஃபைலைப் பார்க்கப் போனா ரூட், அட்மின், உபுண்டு, டெஸ்ட்னு யார் யாரோ விதவிதமான பேர்ல கதவைத் தட்டிட்டு இருக்காங்க. பாஸ்வேர்ட் லாகின் ஆஃப், கீ இல்லாம உள்ள வர முடியாதுதான், ஆனாலும் விடிய விடிய தட்டினா மனசு கேக்குமா.

சரின்னு ஃபயர்வால் பக்கம் போய் என் வீட்டு ஐபிக்கு மட்டும், கடைசில /32 போட்டு (அந்த ஒரே ஐபி மட்டும்னு அர்த்தம்), 22ஐ திறக்குற அலோ ரூல் ஒண்ணு போட்டேன். ப்ரயாரிட்டி 1000 (நம்பர் சின்னதா இருந்தா அதுக்குத்தான் முன்னுரிமை). மறுநாள் பார்த்தா லாக் அதே வேகத்துல ஓடுது. ரூல் லிஸ்ட்டை ஒழுங்கா படிச்சப்புறம்தான் மண்டையில ஏறுச்சு, டிஃபால்ட் நெட்வொர்க்கோடயே எஸ்எஸ்எச்சுக்கு ஒரு அலோ ரூல் வருது, சோர்ஸ் 0.0.0.0/0, அதாவது உலகத்துல யார் வேணா வரலாம், ப்ரயாரிட்டி 65534. வாசல் திறந்து கிடக்கு, நான் எனக்குன்னு தனியா ஒரு சாவி செஞ்சு வச்சிருக்கேன்! புதுசா அலோ போட்டா எதுவும் மூடாது, பழசைத் தூக்கணும். தூக்கினேன். பக்கத்துலயே ஆர்டிபிக்கு, அதாவது விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு, 3389ம் திறந்து இருந்துச்சு, லினக்ஸ் மெஷினுக்கு அது எதுக்கு, அதையும் தூக்கியாச்சு.

மூணு நாள் நிம்மதி. நாலாவது நாள் கரண்ட் போய் வந்துச்சு, மோடம் ரீஸ்டார்ட், வீட்டு ஐபி மாறிப்போச்சு, நானே வெளிய நிக்குறேன். பிரௌசர்ல இருந்து வர்ற எஸ்எஸ்எச்சும் போகல, அதுவும் என் ஐபில இருந்து வர்றதில்லையே. நல்லவேளை இந்த ஃபயர்வால் விஎம்முக்கு வெளிய இருக்கு, கூகுளோட வெப் கன்சோல்ல போய் ரூலை மாத்திக்கலாம், விஎம்முக்கு உள்ளயே ஓடுற யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால்ல இப்படி சொதப்பியிருந்தா பெரிய தலைவலி ஆயிருக்கும்.

ஒவ்வொரு தடவையும் ஐபி மாத்திட்டு இருக்க முடியாதுன்னு ஐஏபிக்கு, அதாவது கூகுளோட ஐடென்டிட்டி-அவேர் ப்ராக்ஸிக்குப் போனேன். நம்ம கனெக்‌ஷன் முதல்ல கூகுள்கிட்ட போகும், அங்க நம்ம அக்கவுன்ட்டை செக் பண்ணிட்டுதான் விஎம்முக்கு அனுப்பும். அதனால 22க்கு சோர்ஸா ஐஏபியோட ஐபி ரேஞ்ச் 35.235.240.0/20 மட்டும் இருந்தா போதும். நான் அவசரத்துல ரூலைப் போடாமலே லேப்டாப்ல ஜிகிளவுட் (கூகுள் கிளவுட்டோட கமாண்ட் டூல்) கமாண்டை அடிச்சேன், 4003னு எரர், பேக்எண்டை, அதாவது என் விஎம்மை, தொட முடியலையாம். ரூல் போட்டதும் டக்குனு உள்ள போயிடுச்சு. அப்புறம் /32 ரூலையும் அழிச்சிட்டு மொபைல் ஹாட்ஸ்பாட்ல இருந்து நேரா 22ஐ தட்டிப் பார்த்தேன், மறுப்புகூட வரல, அப்படியே தொங்கி டைம்அவுட். சும்மா ட்ராப் பண்ணிடுது, பார்க்க சந்தோஷமா இருந்துச்சு.

இதுக்கு நடுவுல இன்னொரு மானக்கேடு. எப்பவோ லேப்டாப்ல இருந்து டேட்டாபேஸ் பார்க்கணும்னு போஸ்ட்கிரஸோட போர்ட் 5432ஐ மொத்த உலகத்துக்கும் திறந்து வச்சிருக்கேன், நானேதான். உள்ள யுஎஃப்டபிள்யூ ஆன்ல இருக்கேன்னு தைரியம், ஆனா டாக்கர் வெளிய திறந்து விடுற (பப்ளிஷ் பண்ற) போர்ட் யுஎஃப்டபிள்யூவைத் தாண்டிப் போயிடும். அந்த ரூலையும் அழிச்சிட்டு இப்போ எஸ்எஸ்எச் டனல் வழியா, அதாவது எஸ்எஸ்எச் லாகினுக்கு உள்ளாலயே டேட்டாபேஸைப் பார்க்குறேன்.

கூட வேலை பாக்குற தம்பிக்கு நேத்து 4033, நாட் ஆத்தரைஸ்டுன்னு வந்துச்சுன்னு போன் பண்ணான். ஐஏபி டனல் யூசர் ரோல் அவனுக்குக் குடுக்க மறந்துட்டேன்.