வராத மாதங்களின் கணக்கு: கமிஷன் வேலைக்கும் சம்பள வேலைக்கும் இடையே நான் முடிவெடுத்த விதம்

எட்டு ஆண்டுகள் நான் பணியாற்றிய நிறுவனம் தன் விற்பனைப் பிரிவை மூடிவிட்டது. அதன்பின் மூன்று மாதம் வேலை தேடினேன். மூன்றாம் மாதக் கடைசியில், அடுத்தடுத்த நாட்களில் இரண்டு நியமனக் கடிதங்கள் வந்தன. ஒன்று, ஏற்கெனவே உள்ள வாடிக்கையாளர்களின் கணக்குகளைக் கவனித்துக்கொள்ளும் மாதச் சம்பள வேலை. மற்றொன்று, தொழிற்கூடங்களுக்கு இயந்திரங்கள் விற்கும் வேலை; அதில் சம்பளம் என்று எதுவும் இல்லை, கமிஷன் மட்டுமே. இரண்டுக்கும் பதில் சொல்ல ஏழு நாட்கள் கொடுத்திருந்தார்கள்.

ஒப்பிட வசதியாக, சம்பள வேலையின் மாத ஊதியத்தை 100 என்று வைத்துக்கொள்கிறேன்; இனி வரும் எண்கள் எல்லாம் அந்த 100-ஐ அடிப்படையாகக் கொண்டவையே.

கமிஷன் வேலைக்கான நேர்காணலில், அங்குள்ள விற்பனையாளர்களின் மாத வருமானம் சராசரியாக 160 என்று மேலாளர் சொன்னார். என் மனம் உடனே அந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். விற்பது எனக்குப் பிடித்த தொழில். ஒருவருடைய தேவையைப் பொறுமையாகக் கேட்டு, அதற்குப் பொருத்தமானதைக் காட்டி, அவர் கையெழுத்திடும் வரை உடன் நிற்பதில் எனக்குக் கிடைக்கும் நிறைவு வேறெந்த வேலையிலும் கிடைத்ததில்லை. வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நல்ல மாசத்துல எவ்வளவு வரும்னு சொன்னாங்க, சரி. வராத மாசம் எத்தனைன்னு கேட்டீங்களா?" நான் கேட்டிருக்கவில்லை.

மறுநாள் முதல் அதைத்தான் விசாரித்தேன். அந்த நிறுவனத்தில் முன்பு பணியாற்றி விலகிய ஒருவரைப் பழைய நண்பர் வழியாகத் தேடிப் பிடித்தேன். இப்போது அங்கே இருப்பவரைவிட விலகியவரிடம் பேசுவது பயன் தரும் என்பது என் கருத்து. அவருக்கு மறைக்க வேண்டிய தேவையும் இல்லை, ஆள் சேர்த்துவிட வேண்டிய கட்டாயமும் இல்லை. அவர் இருந்த காலத்தில் குழுவில் பதினொரு பேர். அவர்களில் பழைய பெரிய வாடிக்கையாளர்களைக் கையில் வைத்திருந்த இருவர் ஆளுக்கு 450 வரை ஈட்டினார்கள். மற்ற ஒன்பது பேரின் வருமானம் 100-க்கு முன்னும் பின்னுமாக இருந்தது. வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் வரும் ஆறாவது நபர் பெற்றது 90. மேலாளர் சொன்ன 160 பொய்யான எண் இல்லை. ஆனால் புதிதாகச் சேரும் நான் எதிர்பார்க்க வேண்டிய எண் அந்த 90-தான், அதுவும் சில ஆண்டுகள் அங்கே வேரூன்றிய பிறகு.

அடுத்து, பணம் கைக்கு வந்து சேரும் காலத்தைக் கணக்கிட்டேன். எனக்கு அதிகமாகக் கண் திறந்தது இந்த இடத்தில்தான். முதல் சந்திப்பிலிருந்து ஒப்பந்தம் கையெழுத்தாக ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகும். வாடிக்கையாளர் பணம் செலுத்த 60 நாள் தவணை உண்டு. கமிஷன், ஒப்பந்தம் ஆனதும் தரப்படுவதில்லை. பணம் வசூலான பிறகு அடுத்த மாதத்தில்தான் தரப்படும். ஆக, முதல் நாளிலேயே சரியான ஆளைச் சந்தித்தாலும் முதல் கமிஷனைப் பார்க்க ஆறு மாதம் ஆகும்.

அந்த ஆறு மாதத்துக்கு மாதம் 40 வீதம் முன்பணம் தருவதாகக் கடிதத்தில் இருந்தது. முதல் வாசிப்பில் அதைச் சம்பளம் போலவே எண்ணிவிட்டேன். கீழே சிறிய எழுத்தில் இருந்த பிரிவைப் படித்த பிறகுதான், அது பின்னால் வரும் கமிஷனில் கழித்துக்கொள்ளப்படும் கடன் என்பது புரிந்தது. பயணச் செலவும் விற்பனையாளருடையது. விசாரித்ததில் அது மாதம் 12 ஆகும் என்று தெரிந்தது. எங்கள் குடும்பத்தின் தவிர்க்க முடியாத செலவு 70. முன்பணத்தில் பயணச் செலவு போக 28 மிஞ்சும். மாதக் குறை 42. ஆறு மாதத்துக்கு 252. எங்களிடம் அப்போது இருந்த சேமிப்பு 280. அதாவது ஏழாம் மாதத் தொடக்கத்தில் கையில் 28 இருக்கும், நிறுவனத்துக்கு நான் 240 கடன்பட்டிருப்பேன். ஒரே ஒரு வாடிக்கையாளர் பணம் செலுத்தத் தாமதித்தால் அந்த 28-உம் போய்விடும்.

இவ்வளவுக்குப் பிறகும் கமிஷன் முறை மீது எனக்கு வெறுப்பு வரவில்லை. எட்வர்ட் லஸீர் என்ற பொருளியலாளர் 2000-இல் வெளியிட்ட ஆய்வொன்றை அந்த நாட்களில் மீண்டும் படித்தேன். வாகனக் கண்ணாடிகளை மாற்றித் தரும் சேஃப்லைட் என்ற அமெரிக்க நிறுவனம், மணிக்கணக்கில் கூலி கொடுப்பதை விட்டு, மாற்றிய கண்ணாடிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி கொடுக்கத் தொடங்கியபோது, ஒரு தொழிலாளியின் உற்பத்தி ஏறத்தாழ 44 விழுக்காடு உயர்ந்தது. அதில் ஏறக்குறைய பாதி, இருந்தவர்களே கூடுதலாக உழைத்ததால் வந்தது. அங்கே தொழிலாளிக்குக் குறைந்தபட்ச ஊதிய உறுதியும் இருந்தது. அதைவிட முக்கியமானதாக நான் கருதுவது, கண்ணாடியைப் பொருத்துபவரின் வேலை பெரும்பாலும் அவர் கையிலேயே இருக்கிறது என்பதுதான். இயந்திரம் விற்பவரின் நிலை வேறு. விலையை நிர்ணயிப்பவர் ஒருவர், குறித்த நாளில் அனுப்பிவைப்பவர் இன்னொருவர், பழுது வந்தால் சரிசெய்பவர் மூன்றாமவர்; இவர்களில் யார் தவறினாலும் குறைவது விற்றவரின் கமிஷன். உழைப்புக்கேற்ற ஊதியம் என்ற பேச்சு, விளைவு எந்த அளவுக்கு உழைப்பவர் கையில் இருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் பொருந்தும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சம்பள வேலையையும் இதே போல் சோதித்தேன், ஆனால் அதில் சோதிக்க அதிகம் இல்லை. அதுவும் நிரந்தரம் இல்லை என்பதை மூடப்பட்ட என் பழைய பிரிவே எனக்குச் சொல்லியிருந்தது. இருந்தாலும் அங்கே வேலை போனால் நோட்டீஸ் காலத்துச் சம்பளமாவது கிடைக்கும். செய்து முடித்த மாதத்தின் கூலியை யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.

ஐந்தாம் நாள் கமிஷன் நிறுவனத்துக்கு மூன்று கோரிக்கைகளை எழுத்தில் அனுப்பினேன். முன்பணத்தில் முதல் மூன்று மாதத் தொகையைக் கழிக்கக் கூடாது. எனக்கு ஒதுக்கும் வட்டாரத்தை ஓராண்டுக்குள் பிரித்து வேறொருவருக்குக் கொடுக்கக் கூடாது. நான் விலகினாலும் விலக்கப்பட்டாலும், அதற்கு முன் கையெழுத்தான ஒப்பந்தங்களுக்குரிய கமிஷன் வசூலானதும் எனக்கு வந்துசேர வேண்டும். முதல் இரண்டையும் மறுநாளே ஏற்றுக்கொண்டார்கள். மூன்றாவதை ஏற்க முடியாது என்றார்கள். "நீங்க ஏன் போகப்போறீங்க?" என்று மேலாளர் தொலைபேசியில் அன்பாகவே கேட்டார். அவர் மனத்தில் தீங்கு இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் கையெழுத்துக்கும் கமிஷனுக்கும் இடையே மூன்று மாத இடைவெளி உள்ள வேலையில் அந்தப் பிரிவு இல்லாமல் சேர்வது, எந்த நேரமும் மூன்று மாத உழைப்பை நிறுவனத்திடம் அடகு வைத்திருப்பதற்குச் சமம். நன்றி சொல்லி மறுத்துவிட்டு, சம்பள வேலைக்கு ஒப்புதல் அனுப்பினேன்.

அந்த வேலையில் பதினாறு மாதங்கள் இருந்தேன். சம்பளம் குறித்த நாளில் வந்தது. மாதம் 20 வீதம் சேமித்தோம். வேலையில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் புதிய வாடிக்கையாளரின் கதவைத் தட்டும் வேலை அங்கே வேறொரு குழுவுடையது, அவர்கள் கிளம்பிப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் என் மனமும் கூடவே போனது.

சென்ற மாதம் வேறொரு நிறுவனத்தில் வாய்ப்பு வந்தது. நிலையான சம்பளம் 60, அதற்கு மேல் கமிஷன், பயணச் செலவு நிறுவனத்துடையது. எங்கள் செலவுக்கு மாதம் 10 குறையும். ஓராண்டு முழுவதும் கமிஷனே வராமல் போனாலும் தேவை 120, சேமிப்போ 600-ஐ எட்டியிருந்தது. பழைய கேள்விகளையே மறுபடி எழுதி அனுப்பினேன். விலகிய பின் வசூலாகும் தொகைக்கும் கமிஷன் உண்டு என்று எழுதி, ஒப்பந்தத்தில் அது எந்தப் பிரிவில் இருக்கிறது என்பதையும் குறித்திருந்தார்கள். அந்தப் பிரிவை நானும் என் மனைவியும் இரண்டு முறை படித்தோம். நேற்று விலகல் கடிதத்தைக் கொடுத்தேன்.