பலகை சொன்னதும் பீரங்கி சொன்னதும்

கொழும்பில் ஒரு கட்டடத்தின் முற்றத்தில் நிற்கும் அந்த இரும்புப் பீரங்கியைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ‘1796இல் ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றப்பட்டது’ என்று பக்கத்தில் பலகை. அப்பாவும் அப்படித்தான் சொல்லித் தந்தார்.

சந்தேகம் வந்தது தேசிய நூதனசாலையில். 1765இல் கண்டியிலிருந்து ஒல்லாந்தர் அள்ளிக்கொண்டு போன, கண்டி அரசின் மாகாண அதிகாரியான லெவ்கே திசாவையின் பீரங்கி 2023 டிசம்பரில் அங்கே காட்சிக்கு வந்தது. பொன், வெள்ளி, மாணிக்கம் பதித்த சின்னப் பீரங்கி. சிங்கமும் சூரியனும் பிறையும் கண்டி அரசனுடையவை. வெண்கலக் குழலில் சிங்கள எழுத்து. தான் யாருடையது என்று அதுவே சொல்லிற்று. அப்படியென்றால் எங்கள் முற்றத்துப் பீரங்கி என்ன சொல்லும்?

அனுமதி எடுக்க இரண்டு கடிதம், மூன்று நடை. கடைசியில் காவலாளி ஐயாதான் கேற்றைத் திறந்துவிட்டார். “பெயின்ற் அடிக்கிற ஆக்களைத் தவிர ஒருத்தரும் கிட்ட வரேல்லை, தம்பி.”

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் (VOC) பீரங்கி என்றால் பெரிய V எழுத்தின் இரு கால்களிலும் O, C கோத்த முத்திரை இருக்கும். எடை இறாத்தலில் ஒரே எண்ணாகப் பொறித்திருக்கும். கறுப்புப் பெயின்ற் தடிப்பாக இருந்ததால் வெறுங்கண்ணுக்கு ஒன்றும் படவில்லை. சுரண்டக் கூடாது, சுரண்டினால் எழுத்தும் போய்விடும். பொழுதுபட்ட பிறகு டோர்ச்சைக் குழலோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தேன். நிழல் விழுந்த இடத்தில் ஒரு கிரீடம் எழும்பியது. அதன்கீழ் பின்னிய G, R. பிரித்தானிய மன்னன் மூன்றாம் ஜோர்ஜின் முத்திரை! கை நடுங்கியது.

பின்பக்கம் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்ததில் 24, 2, 7 என்று மூன்று எண்கள். இது பிரித்தானியர் எடை எழுதும் முறை: அந்தர் (112 இறாத்தல்), கால் அந்தர், இறாத்தல். கூட்டினால் 2751 இறாத்தல், அதாவது சுமார் 1248 கிலோ. வாய் விட்டம் 10.7 சென்றிமீற்றர், ஒன்பது இறாத்தல் குண்டுக்கானது. பின்குமிழுக்கு மேல் கயிறு கோர்க்கும் வளையமும் இருந்தது. அது 1780களின் பிற்பகுதியிலிருந்து பிரித்தானியப் பீரங்கி வடிவமைப்பாளர் தோமஸ் புளோம்ஃபீல்ட் கொண்டுவந்த வடிவம்.

பிடிபட்ட ஒல்லாந்தரின் பீரங்கி இல்லை அது, பிடித்த பிரித்தானியருடையது. பலகையைத் திருத்தும்படி தேய்த்த தாளின் பிரதியோடு எழுத்தில் கேட்டிருக்கிறேன். மூலத்தாளை அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று எண்களையும் விரலால் தடவி, தானே ஒருமுறை கூட்டிப் பார்த்தார்.